பிலிப்பைன்ஸ்: நாம் அறிந்திராத பக்கத்து வீட்டார்



2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டின் அரசுத் தலைவர் இந்தியா வந்தார். இரு நாடுகளும் தங்கள் உறவை ‘உத்திசார் கூட்டாண்மை’ என்ற நிலைக்கு உயர்த்திக்கொண்டன. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் நம் நாட்டின் பிரமோஸ் ஏவுகணைகள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. 2025 ஜூன் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலேயே 14 நாள்கள் தங்கிவர அந்நாடு வழி திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தில்லியிலிருந்து மணிலாவுக்கு நேரடி விமானமும் தொடங்கியது.

நாளிதழ்கள் ஏவுகணையைப் பற்றி எழுதின. சீனாவைப் பற்றி எழுதின. அந்த நாட்டு மக்களைப் பற்றி எழுதியது குறைவு. பிலிப்பைன்ஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவை எவை? புயல், எரிமலை, குறைந்த செலவில் மருத்துவப் படிப்பு, புனித வெள்ளியன்று தங்களையே சிலுவையில் அறைந்துகொள்ளும் சிலரின் படம்... அவ்வளவுதான். (இந்தக் கடைசி வழக்கத்தை அங்குள்ள ஆயர்கள் ஊக்குவிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

ஆனால் கொஞ்சம் தேடிப் பார்த்தால், அந்த நாட்டுக்கும் நம் கரிசல் மண்ணுக்கும் உள்ள உறவு வியப்பைத் தருகிறது. அவர்களிடமிருந்து நாம் உடனே கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் ஒன்று இருக்கிறது. அவற்றைச் சற்று சிந்திப்போம்.

கடலை சொல்லும் கதை

கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய். 2020 ஏப்ரலில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் கடலை நம் நாட்டுப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்தது. வட தமிழ்நாட்டில் இன்றும் அதை ‘மல்லாட்டை’ என்கிறார்கள். ‘மணிலாக் கொட்டை’ என்பதுதான் பேச்சு வழக்கில் அப்படித் தேய்ந்திருக்கிறது. 1565 முதல் 1815 வரை ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஸ்பானியரின் கப்பல்கள் மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடின. அமெரிக்கப் பயிர்கள் பல அந்த வழியாக ஆசியாவுக்குள் நுழைந்தன. நம் மண்ணில் ஊன்றிய ஒரு பயிர், பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைத் தன் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கிறது.

சொற்கள் எதிர்த்திசையிலும் பயணம் செய்தன. அவர்களின் தகாலோக் மொழியில் மாம்பழம் ‘மங்கா’. நம் ‘மாங்காய்’ மலாய் மொழி வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பொருள், விஷயம் என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘பாகாய்’ என்ற சொல்லை நம் ‘வகை’யிலிருந்து வந்ததாக மொழி அறிஞர்கள் காட்டுகிறார்கள். முருங்கைக்கு அங்கே ‘மலுங்காய்’ என்று பெயர். நம்மைப் போலவே அதன் கீரையைக் குழம்பிலும் பயற்றிலும் போட்டுச் சமைக்கிறார்கள். பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்தில் ‘போ’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்க்காமல் அங்கே ஒரு குழந்தை பேசாது. நம் ‘ங்க’ போலத்தான் அதுவும். மூத்தோரின் கையை எடுத்துத் தம் நெற்றியில் வைத்து ஆசி பெறுவது அவர்களின் அன்றாட வழக்கம்.

நெல்லிலும் இந்த உறவு உண்டு. மணிலாவுக்கு அருகில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் 1960-இல் தொடங்கப்பட்டது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம். 1966-இல் அது வெளியிட்ட ஐ.ஆர். 8 நெல், பஞ்சத்தின் விளிம்பில் நின்ற ஆசியாவுக்குச் சோறு போட்டது. தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் நன்றியுணர்வில் தம் மகனுக்கே அந்த நெல்லின் பெயரை வைத்தார்! நம் வீடுகளில் பேசப்பட்ட ஐ.ஆர். 20, ஐ.ஆர். 36, ஐ.ஆர். 50 எல்லாம் அங்கே பிறந்த பெயர்கள். 1982 முதல் 1988 வரை அந்த நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் நம் எம்.எஸ். சுவாமிநாதன். கம்பும் சோளமும் விளையும் நம் மானாவாரி நிலத்தில் அந்த நெல் விளையவில்லை. ஆனால் ரேஷன் கடை வழியாக நம் உலையில் அது கொதித்தது.

திரும்பி வராத சிப்பாய்கள்

1762-ஆம் ஆண்டு. ஸ்பெயினோடு போரில் இருந்த ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்க ஒரு கப்பற்படையை அனுப்பினர். அது புறப்பட்டது இலண்டனிலிருந்து அல்ல, மதராசிலிருந்து. அதில் நூற்றுக்கணக்கான மதராஸ் சிப்பாய்களும் இருந்தனர். அக்டோபரில் மணிலா வீழ்ந்தது. 1764-இல் ஆங்கிலேயர் நகரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியபோது, சிப்பாய்களில் ஒரு பகுதியினர் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கயிந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே மணமுடித்து, அந்த மக்களோடு கலந்துவிட்டனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ‘கரே-கரே’ என்று பிலிப்பைன்ஸ் மக்கள் விரும்பி உண்ணும் குழம்பு ஒன்று உண்டு. நம் ‘கறி’யை அந்தச் சிப்பாய்கள் சமைக்க முயன்றதில் பிறந்ததே அது என்று அங்கே சொல்வார்கள். அதில் சேரும் முக்கியப் பொருள் எது தெரியுமா? அரைத்த கடலை!

புலித்தேவரும் பாளையக்காரர்களும் இங்கே ஆங்கிலேயரின் படையை எதிர்த்து நின்ற காலம் அது. அதே படையில் கூலிக்குச் சேர்ந்த நம்மவர் சிலர், கடல் கடந்து வேறொரு மக்களை அடக்கப் போய், அந்த மக்களிடமே அடைக்கலம் கண்டார்கள்.

ஒரே காலத்தில் வந்த விசுவாசம்

பிலிப்பைன்ஸ் மண்ணில் முதல் திருப்பலி 1521-இல் உயிர்ப்புப் பெருவிழாவன்று நிறைவேற்றப்பட்டது. அடுத்த மாதமே, அங்கு வந்த மெகல்லனை மக்தான் தீவின் தலைவர் லாப்பு-லாப்புவின் வீரர்கள் போரில் வீழ்த்தினர். நம் முத்துக்குளித்துறை மக்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றார்கள். புனித சவேரியார் 1542-இல் வந்தார். ஏறத்தாழ ஒரே தலைமுறையில் இரு கரைகளிலும் நற்செய்தி வேரூன்றியிருக்கிறது. கரையிலிருந்து உள்நாட்டுக்கு அது எப்படி வந்தது என்பதற்கு, வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி நம் அருகிலேயே சாட்சியாக நிற்கிறது. இன்று 11 கோடிக்கு மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்களில் ஐந்தில் நான்கு பேர் கத்தோலிக்கர். ஆசியாவில் கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு அதுவே. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஒன்பது நாள்களும் விடியுமுன் எழுந்து அவர்கள் திருப்பலிக்குச் செல்கிறார்கள். செப்டம்பர் மாதமே அங்கே கிறிஸ்துமஸ் பாடல்கள் கேட்கத் தொடங்கிவிடும்.

ஆனால் அந்த விசுவாசம் கோவிலுக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. 1872 பிப்ரவரியில் கோமெஸ், பூர்கோஸ், சமோரா என்ற மூன்று குருக்களை ஸ்பானிய ஆட்சி கழுத்தை நெரித்துக் கொன்றது. மண்ணின் மைந்தர்களான குருக்களுக்குச் சம உரிமை கேட்டவர்கள் அவர்கள். அவர்களின் இரத்தத்திலிருந்துதான் அந்நாட்டு விடுதலை இயக்கம் எழுந்தது. அதே 1872 செப்டம்பரில் நமக்குப் பக்கத்திலுள்ள ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்க ஒற்றுமை.

1986 பிப்ரவரியில் மணிலாவில் நடந்ததை நம்மில் மூத்தோர் செய்தியாகக் கேட்டிருப்போம். சர்வாதிகாரத்துக்கு எதிராக மக்கள் தெருவுக்கு வர வேண்டும் என்று கர்தினால் ஜெய்மே சின் வேரித்தாஸ் வானொலியில் அழைத்தார். இலட்சக்கணக்கானோர் செபமாலையோடு பீரங்கி வண்டிகளின் முன் நின்றார்கள். நான்கு நாள்களில் ஆட்சி மாறியது. வேரித்தாசின் ஆசிய ஒலிபரப்பு நமக்கும் அந்நியமானது அல்ல. மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த அதன் தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்டு, கடிதம் எழுதி, பதிலுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் நம் ஊர்களில் பல உண்டு. 2018-இல் சிற்றலை நின்று, அந்தப் பணி இணையத்துக்கு மாறியது.

அந்த நாட்டில் எல்லாமே நன்று என்று சொல்லிவிட முடியாது. 1986-இல் துரத்தப்பட்டவரின் மகன்தான் இன்று அரசுத் தலைவர். 2016 முதல் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏழைகள் கொல்லப்பட்டனர். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவராகக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் அரசுத் தலைவர் துதர்த்தே 2025 மார்ச்சில் கைதாகி, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டார். அந்த ஆட்சியின் உண்மைகளை அஞ்சாமல் வெளியிட்ட பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸாவுக்கு 2021-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நீர் சூழ்ந்த நாடும் நீருக்கு ஏங்கும் நிலமும்

இயற்கை அவர்களையும் நம்மையும் எதிர் எதிர் வழிகளில் சோதிக்கிறது. 7,641 தீவுகள் கொண்ட நாடு அது. ஆண்டுக்குச் சுமார் 20 புயல்கள் அதன் பகுதிக்குள் வருகின்றன. 1991 ஜூனில் பினாதுபோ எரிமலை வெடித்தபோது எழுந்த தூசியும் வாயுவும் உலகின் சராசரி வெப்பத்தையே ஏறத்தாழ அரை டிகிரி அளவுக்குச் சில காலம் குறைத்துவிட்டன. அறிவியலாளர் முன்னறிவித்ததால் பல்லாயிரம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டுப் பிழைத்தனர். 2013 நவம்பர் புயலில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மக்களைச் சந்திக்கத் தாக்லோபான் சென்றபோதும் புயல் மழைதான். மக்களைப் போலவே மஞ்சள் நிற மழையங்கி அணிந்துகொண்டு திருப்பலி நிறைவேற்றினார்.

நமக்கோ வானம் பார்த்த பூமி. மழைக்கு ஏங்கியே பழகிய நமக்கு, அளவு மீறிய மழை என்னவென்று 2023 டிசம்பர் கற்றுத்தந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் மாவட்டமே தத்தளித்தது. ‘பாயனிஹான்’ என்று அவர்கள் சொல்லும் பழக்கத்தை அப்போது நாமும் நம் ஊர்களில் கண்டோம். ஒரு குடும்பம் இடம் பெயர வேண்டுமானால், ஊரார் கூடி, மூங்கில் கழிகளில் அந்த வீட்டையே தூக்கித் தோளில் சுமந்து போய் வைத்துக் கொடுப்பார்கள். அதற்குக் கூலி கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடுதான்.

குடம் சுமந்த நம் பெண்களுக்குப் பிடித்துப்போகும் ஒருவரும் அங்கே இருக்கிறார். ஹிடிலின் டியாஸ், சிறு வயதில் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து வளர்ந்த ஏழைப் பெண். பளு தூக்கும் வீராங்கனையான அவர், கொரோனா ஊரடங்கில் மலேசியாவில் சிக்கிக்கொண்டபோது, மூங்கில் கழியில் தண்ணீர்ப் பாத்திரங்களைக் கட்டித் தூக்கிப் பயிற்சி செய்தார். 2021 ஜூலையில் டோக்கியோவில் தங்கம் வென்றார். 1924 முதல் ஒலிம்பிக்கில் பங்கேற்றுவந்த அந்நாட்டுக்கு அதுவே முதல் தங்கம். வெற்றி மேடையில் அவர் கழுத்தில் அன்னை மரியாவின் அற்புதப் பதக்கமும் இருந்தது. வசதி இல்லாத ஊரிலிருந்தும் வீரர்கள் வருவார்கள் என்பதை, ஹாக்கி மட்டையோடு வளரும் கோவில்பட்டிப் பிள்ளைகளைக் கண்ட நாம் எளிதில் நம்புவோம்.

பெட்டியோடு புறப்பட்டவர்கள்

இனி, பாடத்துக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் மக்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வெளிநாடுகளில் வாழ்கிறார்கள். உலகக் கப்பல்களில் வேலை செய்வோரில் மிகப் பெரிய பங்கினர் அவர்களே. செவிலியராக, வீட்டுப் பணியாளராக, கட்டடத் தொழிலாளராக அவர்கள் இல்லாத நாடு இல்லை. 2024-இல் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 3,800 கோடி அமெரிக்க டாலருக்கு மேல்.

இதைக் கேட்கும்போது நம் ஊர் நினைவுக்கு வரவில்லையா? எப்போதும்வென்றானைக் கடந்து செல்லும் நான்குவழிச் சாலையில், தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அந்தச் சாலை வழியாகவே நம் பிள்ளைகளும் வெளியேறுகிறார்கள். பருத்தியும் மிளகாயும் ஒரு மழையை நம்பி நிற்கின்றன. தீப்பெட்டித் தொழிலோ லைட்டரோடு போராடுகிறது. படித்தவன் சென்னைக்கும் திருப்பூருக்கும், துணிந்தவன் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் போகிறான். போனவன் விடுமுறைக்கு வரும்போது கோடாலித் தைலமும் சோப்பும் போர்வையும் நிறைந்த பெட்டி ஒன்று வரும். பிலிப்பைன்சில் அதற்குப் பெயரே உண்டு: ‘பாலிக்பாயன் பெட்டி’, அதாவது ஊர் திரும்புவோரின் பெட்டி.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இறந்த ஏறத்தாழ 50 பேரில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களில் 7 பேர் நம் தமிழகத்தவர். மூவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். அதே ஆண்டு மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் ஏவுகணை தாக்கிய சரக்குக் கப்பலில் பெரும்பாலான மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களில் இருவர் இறந்தனர். தப்பியவர்களைக் கரை சேர்த்தது நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா. ஏவுகணை ஒப்பந்தங்களுக்கு அப்பால், இரு நாட்டு மக்களும் ஒருவரை ஒருவர் உண்மையாகச் சந்திக்கும் இடங்கள் இவைதாம்: ஒரே அறையின் அடுக்குக் கட்டில்கள், ஒரே கப்பலின் தளம்.

சட்டமாக மாறிய கண்ணீர்

வேறுபாடு எங்கே இருக்கிறது? 1995 மார்ச்சில் சிங்கப்பூரில் ஃபுளோர் கொண்டெம்பிளாசியோன் என்ற பிலிப்பைன்ஸ் பணிப்பெண் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு நீதி கிடைக்கவில்லை என்று நாடே கொதித்தது. தன் அரசு தன்னைக் கைவிட்டது என்று ஒவ்வொரு குடும்பமும் உணர்ந்தது. மூன்றே மாதங்களில் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டத்தின் சாரம் இதுதான். வெளிநாட்டு முதலாளி சம்பளம் தராவிட்டால், ஆள் அனுப்பிய உள்ளூர் முகவரும் அதற்குச் சேர்ந்து பொறுப்பு. உரிமம் இல்லாமல் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் ஏமாற்றி அனுப்பினால், அது நாட்டின் பொருளாதாரத்துக்கு எதிரான நாசவேலை. ஆயுள் தண்டனை வரை உண்டு. புறப்படுமுன் ஒவ்வொருவரும் பயிற்சி வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும். கப்பலில் செல்வோர் அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைக் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியும் உண்டு. 2004 முதல் வெளிநாட்டில் இருந்தபடியே வாக்களிக்கிறார்கள். 2021 டிசம்பரில் இவர்களுக்கென்றே தனி அமைச்சகம் உருவாக்கச் சட்டம் வந்தது. திருச்சபையும் தவக்காலத்தின் முதல் ஞாயிறைப் புலம்பெயர்ந்தோர் ஞாயிறாகச் சிறப்பிக்கிறது.

இதனால் துன்பம் ஒழிந்துவிட்டதா? இல்லை. 2018-இல் குவைத்தில் ஒரு பணிப்பெண்ணின் உடல் உறைபெட்டியில் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் உடனே பிலிப்பைன்ஸ் அரசு அங்கே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. முதலாளி கடவுச்சீட்டைப் பறித்துவைக்கக் கூடாது, பணியாளர் கைப்பேசி வைத்திருக்கலாம் என்று உடன்பாடு எழுதிய பிறகே மீண்டும் அனுப்பியது. ஏழை நாடுதான், ஆனாலும் பேரம் பேசியது. தாய் ஹாங்காங்கில் யாருடைய குழந்தையையோ தாலாட்ட, அவள் குழந்தை இங்கே பாட்டி மடியில் வளரும் வேதனையை மட்டும் எந்தச் சட்டமும் தீர்க்கவில்லை. அந்த வேதனை நம் வீடுகளிலும் உண்டு.

உலகிலேயே மிக அதிகமாக வெளிநாட்டிலிருந்து பணம் பெறும் நாடு இந்தியா. ஆனால் இன்றும் நம்மை ஆள்வது 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம்தான். அதற்கு மாற்றாக 2025-இல் ஒரு வரைவு மசோதா வெளியிடப்பட்டது. வெளிநாட்டில் இருப்பவர் வாக்களிக்க வேண்டுமானால் நேரில் ஊருக்கு வரவேண்டும். வாக்கு இல்லாதவரின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்யும் வரை காத்திராமல் பங்கு அளவில் செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, முகவரை நம்பிப் பணம் கொடுக்குமுன், அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்ப்போம். உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. நிலத்தை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி இலட்சக்கணக்கில் கொடுப்பது சட்டம் கேட்கும் பணம் அல்ல.

இரண்டாவது, சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகவேண்டாம். வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டே புறப்பட வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவுக்குச் செல்லும்போது எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 இலட்சம் கிடைக்கும். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிவு செய்யலாம்.

மூன்றாவது, மருத்துவம் படிக்கப் பிள்ளைகளைப் பிலிப்பைன்சுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர், தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகளுக்கு அந்தப் படிப்பு பொருந்துகிறதா என்று எழுத்தில் கேட்டறிந்த பிறகே கட்டணம் கட்டட்டும். விளம்பரத் தாளை நம்பி அல்ல.

நான்காவது நம் எல்லாருக்கும் உரியது. திருக்குடும்பமே எகிப்துக்குப் பிழைக்க ஓடிய குடும்பம் என்று மறையுரைகளில் கேட்கிறோம். அப்படியானால் நம் பங்கிலிருந்து போனவர்களின் பெயர்கள் பங்கில் யாரிடமாவது இருக்கின்றனவா? திருமணப் பதிவேடு உண்டு, அடக்கப் பதிவேடு உண்டு. புறப்பட்டுப் போனவர்களுக்கும் ஒரு பதிவேடு வைப்போம்: பெயர், நாடு, வேலை செய்யும் இடம், கடவுச்சீட்டு எண், வீட்டில் இருக்கும் பிள்ளைகள். குவைத்தில் தீப்பிடித்தது என்று செய்தி வரும் காலையில், யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இதைத் தொடங்கலாம்.